ராஸ்பெரிச் செடியும் அதனைப் பேணும் முறையும்

(ஒரு பழைய மாணவர்)

நம் நாட்டிற் பெரும்பாலோர் ராஸ்பெரி என்னும் பெயரை அறிவர், பழத்தை அறியார். புட்டியில் அடைத்து வரும் ஜாமிலும், ஐஸ்கிரீமிலும், மிட்டாயிலும் அதன் மணமென்று ஊட்டப்பெறும் ஒருவகைச் செயற்கை மணத்தையே அவர்கள் ராஸ்பெரியென்று எண்ணியிருப்பர். கல்லூரியிற் பயின்ற காலத்தில் யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பின்னர் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள டண்டி நகரிற் குடியேறி, வீட்டின் பின்புறத்துச் சிறு தோட்டத்தில் அச்செடியை வளர்க்கத் தொடங்கி இப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் பழம் உண்ட ஆண்டுகளும் உண்டு. அறியாமையாற் பழம் இழந்த ஆண்டுகளும் உண்டு. பின்னவையே எனக்கு இச்செடியின் இயல்பை நன்கு கற்பித்தன. நம் சஞ்சிகையின் ஆசிரியர் ஏதேனும் எழுதுமாறு பணித்தமையின், யான் கற்ற அச்சிறு கல்வியை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

முசுக்கட்டைப் பழத்தைக் கண்டவர்க்கு ராஸ்பெரியின் தோற்றம் எளிதில் விளங்கும். பார்வைக்கு ஒரு பழம் போலிருப்பினும், உண்மையில் அது பல சிறு பழங்களின் தொகுதியாகும். அச்சிறு மணி ஒவ்வொன்றும் மாங்கனியைப் போன்று தோலும் சதையும் நடுவே ஒரு கொட்டையும் உடையது. இவ்வாறான மணிகள் ஒரு பழத்தில் எழுபது எண்பது முதல் நூற்றுக்கு மேலும் இருக்கும். பழுத்த கனியை விரலாற் பற்றி மெல்ல இழுத்தால், அது கழன்று வந்துவிடும்; அது பொருந்தியிருந்த வெண்மையான கூம்பு செடியிலேயே நின்றுவிடும். ஆதலின் கையில் வரும் கனி, தையற்காரர் விரலில் அணியும் அங்குஸ்தானைப் போல உள்ளே பொள்ளலாக இருக்கும். இதன் நெருங்கிய உறவாகிய பிளாக்பெரியைப் பறித்தாலோ அக்கூம்பும் உடன் வந்துவிடும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதற்கு இதனினும் எளிய அடையாளம் வேறில்லை. நிறத்தை நம்புதல் கூடாது. மஞ்சள் ராஸ்பெரியும் கரிய ராஸ்பெரியும் உள.

ரோஜாவும் ஆப்பிளும் சேர்ந்த குடும்பமே இதற்கும் குடும்பம். கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் ரோமானிய ஆசிரியர், கிரேக்கர் இதனை ஐடா மலையின் முட்செடியென வழங்கினரென்று எழுதியுள்ளார். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் செடிகளுக்கெல்லாம் இருசொற் பெயர் வகுத்தபோது, அப்பழம்பெயரையே தழுவி ரூபஸ் ஐடேயஸ் என்று இதற்குப் பெயரிட்டார். ஐடா என்னும் பெயருடைய மலைகள் இரண்டுண்டு. ஒன்று கிரீட் தீவிலும், மற்றொன்று துருக்கியிலும் உள்ளது. துருக்கியிலுள்ள மலையே குறிக்கப்பட்டதென்பர் பலர். ஆயினும் இச்செடி அம்மலைக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஆசியாவின் வடபகுதியிலும் காடுகளின் ஓரங்களில் அது தானே முளைத்து வளர்கின்றது.

டண்டியைச் சூழ்ந்துள்ள பெர்த்ஷயர், ஆங்கஸ் என்னும் பகுதிகள் இப்பழத்திற்குப் பெயர் பெற்றவை. பிளேர்கௌரி என்னும் சிற்றூரைச் சுற்றியிருந்த பழத்தோட்டங்களில், சென்ற நூற்றாண்டில், கோடைதோறும் டண்டி நகரத்து ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகளுடன் சென்று கூலிக்குப் பழம் பறிப்பது வழக்கமாயிருந்தது. அவ்வாறு பறித்த காசிற் பள்ளிக்கூடத்துக்குக் காலணி வாங்கியதாகச் சொல்லும் முதியோரை யான் அறிவேன். இப்பழம் இவ்விடத்திற் செழிப்பதற்குக் காரணம் வானிலையே. கோடையிலும் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கின்றது; பகலோ ஜூன் மாத நடுவில் 17 மணி நேரத்துக்கும் மேற்பட நீள்கின்றது. மெல்லிய வெயிலில் நெடுநேரம் நின்று பழுத்தலின், கனியிற் புளிப்பும் இனிப்பும் ஒத்து நிற்கின்றன. இனி, குளிர்காலமும் இதற்கு இன்றியமையாதது. 7 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிரில், வகைக்கேற்ப ஏறக்குறைய 800 முதல் 1,600 மணி நேரம் வரை உறங்கியெழுந்தாலன்றி, இதன் மொட்டுக்கள் செவ்வையாக விரியா. மதுரையிலோ திருச்சியிலோ இதனைத் தொட்டியில் வைத்து நீரூற்றி வளர்க்க முயல்வோர் இலையைக் காணலாம். கனியைக் காணுதல் அரிது.

இனி, இச்செடியின் வாழ்வைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இதனை அறிந்தார்க்கு மற்றவை யாவும் எளியவாம். வாழையை நாம் அறிவோம். தாய்மரம் ஒருமுறை குலை தள்ளி மடிகின்றது. கிழங்கு மடியாது பக்கக்கன்றை மேலெழுப்புகின்றது. ராஸ்பெரியும் ஏறக்குறைய இவ்வியல்பினதே. மண்ணுக்குள் வேர் பல்லாண்டு வாழ்கின்றது. மண்ணுக்கு மேலெழும் கோலுக்கோ ஆயுள் இரண்டே ஆண்டு. முதலாண்டின் வசந்தத்தில் முளைக்கும் கோல் ஐந்தாறு அடி உயரம் வளர்ந்து, இலை விடுவதன்றிப் பூப்பதில்லை. குளிர்காலத்தில் இலையுதிர்த்து நிற்கும். இரண்டாம் ஆண்டில் அதே கோலின் பக்கங்களிற் சிறு கிளைகள் தோன்றிப் பூத்துக் காய்த்துப் பழுத்தபின், கோல் முழுதும் உலர்ந்து மடியும். அது பழம் தரும் அந்நாளிலேயே, அடுத்த ஆண்டுக்குரிய புதுக்கோல்கள் அதன் அடியிலிருந்து எழுந்து நிற்கும். ஆகவே கோடையில் ஒரு வரிசையை நோக்கினால், பழம் சுமக்கும் பழங்கோலும், பழம் காணாத புதுக்கோலும் ஒன்றோடொன்று கலந்து நிற்பதைக் காணலாம். புதுக்கோல் பசுமையாயும் வழவழப்பாயும் இருக்கும். பழங்கோலின் பட்டை பழுப்பேறி உரிந்திருக்கும். கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும் முன்னர் இவ்வேறுபாட்டைக் கண் அறிந்திருத்தல் வேண்டும்.

யான் இதனை அறிந்திலேன். எனக்குச் செடி தந்தவர் அடுத்த வீட்டு மூதாட்டியார். யான் குடிவந்த முதல் நவம்பர் மாதத்தில், தம் தோட்டத்து வரிசையின் ஓரத்தில் முளைத்திருந்த பக்கக்கன்றுகள் பத்தினைத் தோண்டி, வேரை ஈரச்சாக்கிற் சுற்றி, வேலிக்கு மேலாக நீட்டினார். அவர் சொன்னபடியே நட்டேன். மறு கோடையில் என் தலையளவு உயர்ந்த புதுக்கோல்கள் வரிசையாக எழுந்தன. அதன்பின் வந்தது குளிர்காலம். இலைகளெல்லாம் உதிர்ந்து, மழையிற் கறுத்த வெறுங்குச்சிகளாக அவை நின்றன. கோடையில் நீரின்றிப் பட்டுப்போன செடியையன்றி, உறங்கும் செடியைக் கண்டிராத கண் என்னுடையது. அவை பட்டுப்போயின என்று முடிவு செய்து, தை மாதத்து ஒரு ஞாயிறன்று அத்தனையையும் தரைமட்டமாக வெட்டிக் குப்பையிற் சேர்த்தேன். தோட்டத்தைத் தூய்மை செய்தேன் என்ற பெருமிதமும் எனக்கு இருந்தது. வேர் உயிரோடிருந்தமையால் வசந்தத்தில் மீண்டும் முளைகள் எழுந்தன. ஆயின் அவ்வாண்டில் ஒரு கனியும் இல்லை. பழம் தரவேண்டிய கோல்களை நானே வெட்டியிருந்தேனன்றோ! மூதாட்டியார் வேலிக்கு அப்பாலிருந்து நோக்கி நகைத்து, "உறங்குகிறவரைப் புதைத்துவிட்டீரே" என்றார்.

நடும் முறை எளியது. நவம்பர் முதல் மார்ச்சு வரை, செடி உறங்கும் காலத்தில், மண்ணற்ற வேரோடு கன்றுகள் கிடைக்கும். பனியில் மண் இறுகியிராத நாளிலும், நீர் தேங்கியிராத நாளிலும் நடவேண்டும். நிலம் சற்றே புளிப்புத்தன்மை உடையதாய் இருத்தல் நன்று. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இலை மஞ்சளித்துச் சோகை பிடிக்கும். வரிசையை வடக்குத் தெற்காக அமைத்துக் கன்றுக்குக் கன்று ஒன்றரை அடியும், வரிசைக்கு வரிசை ஆறடியும் இடம் விடுதல் வழக்கம். ஆழமாக நடுதல் பிழை. வேரின் மேல் இரண்டு மூன்று அங்குல மண் போதும். நட்டவுடன் கோலைத் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அங்குலம் விட்டு வெட்டிவிடவேண்டும். காசு கொடுத்து வாங்கிய கன்றை அன்றே வெட்டுதற்கு மனம் வாராது. ஆயினும் வெட்டாவிடின், வேர் ஊன்று முன்னரே கோல் பூக்க முயன்று செடி நலியும்.

கோல்களுக்குத் துணை வேண்டும். எட்டடிக் கம்பங்களை இரண்டடி ஆழத்தில் வரிசையின் இரு முனையிலும் ஊன்றி, ஏறக்குறைய இரண்டரை, மூன்றரை, ஐந்தரை அடி உயரங்களில் மூன்று கம்பிகளை இழுத்துக் கட்டவேண்டும். பழம் முடிந்தவுடனே பழங்கோல்களை அடியோடு வெட்டியெடுத்துவிட்டு, புதுக்கோல்களுள் திடமானவற்றை நான்கங்குலத்துக்கு ஒன்றாகக் கம்பியிற் கட்டி, எஞ்சிய மெலிந்தவற்றைக் களைந்துவிடவேண்டும். இரக்கம் காட்டி எல்லாவற்றையும் விட்டுவைத்தால், வரிசை புதராகிக் காற்றோட்டம் குன்றிப் பூஞ்சணம் படரும். பிப்ரவரியில், மேற்கம்பிக்கு ஆறங்குலம் மேலாக நுனிகளைக் கத்தரித்தல் போதும்.

வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வன. ஆதலின் செடிகளுக்கிடையே மண்வெட்டியாற் கொத்துதல் ஆகாது. களையைக் கையாற் பறித்தலே நன்று. வசந்தத்தில் மக்கிய எருவையோ இலைமக்கையோ மூன்றங்குல உயரம் பரப்பிவைத்தால், களையும் அடங்கும், ஈரமும் நிற்கும், உரமும் ஆகும். ஆனால் கோலின் அடியை எரு தொடாதபடி சிறிது விலக்கவேண்டும். காய் பருக்கும் காலத்தில் மழை பொய்த்தால் நீர் ஊற்றவேண்டும். ஸ்காட்லாந்தில் இதற்கு அவசியம் நேர்வது அரிது. மழை மிகுதலே இங்குப் பெருங்கவலை. நீர் தேங்கும் களிமண் நிலத்தில் வேரழுகல் என்னும் நோய் வந்து வரிசை முழுவதையும் மாய்த்துவிடும். ஒருமுறை வந்த நிலத்தை விட்டு அது எளிதில் நீங்காது. அத்தகைய நிலமுடையோர் ஓரடி உயரத்துக்கு மேடு அணைத்து, அதன்மேல் நடுதல் நன்று.

மூன்றாம் ஆண்டில் என் வரிசை முதன்முதலாகப் பழுத்தது. பழம் கொண்ட மகிழ்ச்சியை விரிப்பின் பெருகும். நான்காம் ஆண்டில் கோல்கள் முன்னை உயரத்திற் பாதியே வளர்ந்தன. இலைகளிற் பச்சைக்கிடையே மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பழமோ, பறிக்கும்போதே மணி மணியாக உதிர்ந்து நொறுங்கியது. எருக்குறை என்று எண்ணி எருவை இரட்டித்தேன், பயனில்லை. ஐந்தாம் ஆண்டில் நிலைமை மேலும் இழிந்தது. தோட்டக்கலை பயின்ற நண்பரொருவர் வந்து, இலையைத் திருப்பி நோக்கி, "இது வைரஸ், மருந்தில்லை" என்றார்.

பிரிட்டனில் ராஸ்பெரி வளர்ப்போரை நெடுங்காலமாக வருத்தி வரும் துன்பம் இதுவே. லாயிட் ஜார்ஜ் என்னும் பெயர் பெற்ற வகை, டார்செட் மாகாணத்தில் தானே முளைத்த செடியிலிருந்து எடுக்கப்பட்டு, 1919-ஆம் ஆண்டளவில் வெளிவந்து நாடெங்கும் பரவியது. சில ஆண்டுகளுள் அதன் வலிமை குன்றிற்று. செடி முதுமையடைந்துவிட்டதென்றே பலர் கருதினர். முதுமையன்று, வைரஸ் நோயே காரணமென்பது பின்னர் விளங்கியது. முன்னமே நியூஸிலாந்து சென்றிருந்த அவ்வகையின் நோயற்ற கிளையொன்றை மீண்டும் கொணர்ந்து நட்டபோது, பழைய செழிப்பு மீண்டதே அதற்குச் சான்று. பசுமையான சிறு செடிப்பேன், அதாவது அசுவினி, நோயுற்ற இலையின் சாற்றை உண்டு, மற்றொரு செடிக்குச் சென்று அதனையும் உண்ணும்போது, வைரஸை அதனுட் செலுத்துகின்றது. வேரெங்கும் நோய் பரவிவிடுமாதலின், அவ்வேரிலிருந்து முளைக்கும் பக்கக்கன்று ஒவ்வொன்றும் பிறக்கும்போதே நோயோடு பிறக்கின்றது. சில வகைகள் நோயைச் சுமந்தபடியே பல்லாண்டு நிற்கும். ஆகவே, பார்வைக்கு வாடாத செடியெல்லாம் நோயற்ற செடியென்று கொள்ளலாகாது.

இவ்வுண்மை எனக்குப் பெருஞ்சங்கடத்தை விளைத்தது. நோய் எங்கிருந்து வந்ததென்பதில் ஐயமில்லை. அன்போடு வேலிக்கு மேலாக நீட்டப்பட்ட அப்பத்துக் கன்றுகளே அதனைச் சுமந்து வந்தன. என் செடிகளைத் தோண்டி எரித்தால் மட்டும் போதாது. வேலிக்கு அப்பால் நோயுற்ற வரிசை நிற்கும்வரை, அசுவினி இப்பாலும் வருமன்றோ? பல நாள் தயங்கிப் பின்னர் மூதாட்டியாரிடம் உரைத்தேன். அவர் சினந்திலர். பழம் சிறுத்து வருவதைத் தாமும் கண்டதாகவும், காலஞ்சென்ற தம் கணவர் நட்ட வரிசையாதலின் அதனைத் தோண்டக் கை எழவில்லையென்றும் சொன்னார். "உம்முடையதை எரித்துவிடும். இது என்னோடு முடியட்டும்" என்றார். மேற்கொண்டு யான் ஒன்றும் சொல்லவில்லை. நூல்களிற் சொல்லியபடி ஒழுகுவோர் என்னைக் குறை கூறுவர், கூறுக.

என் வரிசையை வேரோடு தோண்டி எரித்தேன். அதே நிலத்தில் மீண்டும் ராஸ்பெரி நடலாகாதென்பதனால், தோட்டத்தின் மறுகோடியிற் புதிய இடம் வகுத்தேன். நோயற்றதென்று அரசாங்கப் பரிசோதனையிற் சான்று பெற்ற கன்றுகளையே விலைக்கு வாங்கினேன். டண்டிக்கு அருகே இன்வர்கௌரியில் 1951-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையம், க்ளென் என்னும் முன்னடை கொண்ட பல வகைகளை உண்டாக்கியுள்ளது; க்ளென் என்பது ஸ்காட்லாந்து வழக்கில் மலையிடைப் பள்ளத்தாக்கு. அவற்றுள் க்ளென் ஆம்பிள் முள்ளற்றது, பழம் பெரிது, அசுவினி அதனை எளிதில் அண்டுவதில்லை. முற்றிலும் காப்பென்று சொல்லலாகாது. அதனை வெல்லும் அசுவினி இனங்களும் பின்னர்த் தோன்றியுள்ளன. எனினும் ஏழு கோடைகளாக என் வரிசை நலமாகவே நிற்கின்றது. அந்நிலையத்திலேயே ராஸ்பெரியையும் பிளாக்பெரியையும் மணம் புணர்த்தி, அருகே ஓடும் டே ஆற்றின் பெயரால் டேபெரி என்னும் புதுக்கனியொன்றை 1979-இல் வெளியிட்டனர். யான் சுவைத்திருக்கிறேன், ஜாமுக்கு நன்று, வாய்க்கு ராஸ்பெரியே நன்று.

மற்றைப் பகைகளைச் சுருங்கச் சொல்வேன். ராஸ்பெரி வண்டு பூவில் முட்டையிட, அதன் புழு பழத்தின் காம்புப்புறத்தை அரிக்கும். குளிர்காலத்தில் செடியடி மண்ணை மேலாகக் கிளறிவிட்டால் மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்களைப் பறவைகள் தின்னும். அப்பறவைகளே ஜூலையில் பழத்தையும் தின்னுமாதலின், அப்போது வலை கட்டவேண்டும். தேனீயை மட்டும் தடுக்கலாகாது. ஒரு பூவிலுள்ள சூல்முடிகள் பலவற்றிலும் மகரந்தம் படிந்தாலன்றி மணிகள் நிறைவாகத் திரண்டு கனி ஒன்றுபடாது.

இதுகாறும் கூறியது கோடையிற் பழுக்கும் வகையைப் பற்றியது. இலையுதிர்காலத்திற் பழுக்கும் வகையும் உண்டு. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் நிலையத்தார் 1984-இல் வெளியிட்ட ஆட்டம் பிளிஸ் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் கோல் முளைத்த ஆண்டிலேயே நுனியிற் பூத்து, ஆகஸ்டு முதல் பனி வரும்வரை பழம் தரும். இதற்குப் பிப்ரவரியில் எல்லாக் கோல்களையும் தரைமட்டமாக வெட்டுதலே முறை. அன்று யான் அறியாமையாற் செய்த செயல் இவ்வகைக்குச் சரியான செயலாயிருந்திருக்கும்! வண்டின் தொல்லையும் இதற்குக் குறைவு. புதிதாகத் தொடங்குவோர் இதனை நடுதல் நலம் என்பது என் கருத்து.

பறித்தபின் இப்பழம் மேலும் பழுப்பதில்லை. ஆகவே நன்கு சிவந்து, தொட்டவுடன் கழலும் பழத்தையே, இரண்டு நாட்களுக்கு ஒருமுறை, ஈரமில்லாத வேளையிற் பறித்து, ஆழமற்ற தட்டில் வைக்கவேண்டும். ஆழமான பாத்திரத்தில் அடியிலுள்ளவை நசுங்கிவிடும். ஓரிரு நாளில் பூஞ்சணம் பற்றும். கடையில் இது விலை மிகுந்திருத்தற்கும், வீட்டில் வளர்ப்போர் இதனைப் பெரிதும் விரும்புதற்கும் காரணம் இம்மென்மையே. மிகுந்ததை எடைக்கு எடை சர்க்கரை சேர்த்து ஜாமாகக் காய்ச்சலாம். நொறுங்கிய பழமும் ஜாமுக்குக் குற்றமில்லை. மூதாட்டியார் தம் நோயுற்ற வரிசைப் பழத்திற் காய்ச்சிய ஜாம் ஆண்டுதோறும் ஒரு புட்டி எங்கள் வீட்டுக்கு வருகின்றது.

நீலகிரியிலோ கோடைக்கானலிலோ வாழும் நம் பழைய மாணவர்கட்கு ஒரு வார்த்தை. ரூபஸ் இனத்தின் உறவுகள் உங்கள் மலைகளிலேயே உள. மஞ்சட் கனி தரும் ஒன்று சாலையோரங்களிற் புதராக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மற்றொன்றை மைசூர் ராஸ்பெரி என வெளிநாட்டார் வழங்குவர். கோல் வெண்பொடி பூசியதுபோலவும், இலையின் அடி வெண்மையாகவும், கனி முதலிற் சிவந்து பின்னர்க் கருமையாகவும் இருக்கும். ஐரோப்பிய வகைக்கு வேண்டிய கடுங்குளிர் இதற்கு வேண்டுவதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதனைத் தோட்டப் பயிராக வளர்க்கின்றனர். ஆயினும் கலாபகோஸ் தீவுகளிற் கொண்டு சென்று விட்டபோது, அது அடங்காது பரவி அங்குள்ள செடிகளை நெருக்கிவிட்டது. நம் மலைகளுக்கோ அது பிறந்த செடியே. நல்ல பழம் தரும் புதர் ஒன்றைக் கண்டால், அதன் நீண்ட கோலின் நுனியை மழைக்காலத்தில் வளைத்து, மூன்று நான்கு அங்குல ஆழத்தில் மண்ணில் அழுத்திக் கல்லொன்றை மேலே வைத்துவிடுங்கள். சில வாரங்களில் நுனி வேரூன்றிப் புது முளை விடும். அப்போது தாய்க்கோலிலிருந்து வெட்டி எடுத்துத் தோட்டத்தில் நடலாம். எடுக்கும் முன்னர்த் தாய்ப்புதரின் இலையைத் திருப்பி நோக்குங்கள். மஞ்சட் புள்ளி இருப்பின் விட்டுவிட்டு வேறு புதரைத் தேடுங்கள்.